தோன்றா எழுவாய்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
யார் இருமினார்கள் என்று எழுதக் கூடாது.
யார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள் என்றும்.
ஆகவே இது
குறிப்பில் இல்லாதது.

வடகடல் மழை சாய்ந்து விழும் நவம்பர்.
புனித ட்ராஸ்டன் பல்கலைக்கழகத்தில்
ஓக் பலகை இழைத்த அறை.
பதினோரு பேர், ஒரு வாக்கியம்.
கல்லில் வெட்டப்போகும் வாக்கியம்:
"அடிமை உழைப்பிலிருந்து
இந்நிறுவனம் பயன்பெற நேர்ந்தது."

நேர்ந்தது.
ஸ்காட்லாந்தில் மழை நேர்வதுபோல.

துணைவேந்தர் கில்லீஸுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது.
பொருளாளர் இன்னஸ்
"பயன்" கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறது என்றார்.
இரண்டு மணி நேரம்
செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கி
கையைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.
எழுவாய் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.
செயப்படுபொருள் மட்டும் மிச்சம்.
பழைய கணக்கேட்டில்
அவர்கள் பெயர்களுக்கு மேலே இருந்த தலைப்பும்
அதுதான்:
பொருள்.

கிரெனடாவிலிருந்து வந்திருந்தார் ஆர்லீன் பாஸ்கல்.
துறைமுகத்தில் சுங்க அதிகாரி.
சரக்குப் பட்டியல் படித்துப் படித்து
கண்ணாடி தடித்தவர்.
தேநீர் வந்தது.
"சர்க்கரை?" என்று கேட்டுவிட்டான் பரிமாறிய பையன்.
அறை மொத்தமும்
அவரவர் கோப்பைக்குள் குனிந்தது.
"இரண்டு ஸ்பூன்" என்றார் ஆர்லீன்.

ஏட்டைக் கொண்டுவந்தவள் ஆவணக் காப்பாளர் ஐலா.
கையுறை கேட்டார் ஆர்லீன்.
"வேண்டாம்.
சுத்தமான கை போதும்."
அது இப்போதைய விதி. உண்மையிலேயே விதிதான்.
சொன்ன பிறகு
ஐலாவின் காது சிவந்தது.

*க்வாஷிபா. வயது பத்தொன்பது. ஆலை.
வலக்கையில் மூன்று விரல். முப்பது பவுண்டு.
மிம்பா. வயல். நாற்பத்தைந்து.
ஜூனோ. கோவேறு கழுதை. நாற்பத்தெட்டு.
பெயரிடாத ஆண் குழந்தை,
க்வாஷிபாவுடையது. இரண்டு.*

ஆலை உருளைக்குப் பக்கத்தில்
எப்போதும் ஒரு கோடரி சாத்தியிருக்குமாம்.
கரும்போடு கை போனால்
கையோடு ஆள் போய்விடாமலிருக்க.
ஆளுக்கு விலை அதிகம்.
அந்த வருடச் சர்க்கரையில்தான்
எங்கள் மணிக்கூண்டு வந்தது.
அறவியலுக்கு ஒரு பேராசிரியர் பதவியும்.

ஆர்லீன் ஏட்டை மூடவில்லை.
"உங்கள் வாக்கியம் எனக்கு வேண்டாம்.
இவர்கள் பெயரை வெட்டுங்கள். எண்பத்து மூன்று."

கல்தச்சரின் விலைச்சீட்டு மேசையிலேயே இருந்தது.
எழுத்துக்குப் பதினான்கு பவுண்டு.
இன்னஸ் கால்குலேட்டரை எடுத்தார்.
அவர் கெட்டவர் அல்ல.
விடுதி மாணவர்களின் கணப்புக்கு
ஒவ்வொரு குளிர்காலமும் காசு தேடி அலைபவர்.
ஐந்நூற்றுச் சொச்சம் எழுத்து,
ஏழாயிரம் என்று தட்டிக்கொண்டே வந்தார்.
"அந்தப் பெயரில்லாத குழந்தைக்கு?"
யாரோ கேட்டோம்.
"எழுத்து இல்லை. அதனால் செலவு இல்லை."

சொன்னது அவர் காதில் விழ
சற்று நேரம் பிடித்தது.
விழுந்ததும் கால்குலேட்டரைக்
கவிழ்த்து வைத்தார்.

சுவரை அளக்க வந்த கல்தச்சர் ராப்
ஈர மேலங்கியோடு கதவருகே நின்றிருந்தார்.
அவரை யாரும் கேட்கவில்லை.
"ஒரு வரி வெறுமையா விடலாம்" என்றார்.
"வெறும் வரியையும் இழைக்கணும்.
அதுக்கும் கூலி உண்டு."

அப்போது மணி அடித்தது.
நான்கு.
அடித்து ஓயும்வரை பேச முடியாது,
அத்தனை பெரிய மணி.
ஆர்லீன் அந்த இரண்டு பவுண்டுக்கு அடியில்
விரல் வைத்தபடியே இருந்தார்.

முடிவு எதுவும் இல்லை.
"ஒத்திவைக்கப்பட்டது" என்று எழுதினேன்.
பன்னிரண்டு வருடமாய் எழுதும் சொல்.
அடித்தேன்.
"ஒத்திவைத்தோம்" என்று எழுதினேன்.
அந்த ஓம் விகுதிக்குள்
பதினோரு பேரும்
பேனா பிடித்த நானும்
நெருக்கியடித்து நின்றோம்.

மறுநாள் காலை
குறிப்பு திருத்தப்பட்டு வந்தது.
திருத்தியது யார் என்று
அதில் இல்லை.